காதுக்குப் பின்னால் எழுதும் பேனா

“போகாத கறைன்னு ஒண்ணு இந்த உலகத்துல கிடையாது. போக்கத் தெரியாதவங்கதான் இருக்காங்க.”

கறையண்ணன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது பத்து வருஷத்துக்கு முன்னால், சலவையகத்தின் இருபதாம் ஆண்டு நிறைவு நாளில், ஒரு முக்காலியின் மேல் நின்றபடி. ஏறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கீழே நின்று கேட்டவர்கள் மொத்தம் ஐந்து பேர்: முதலாளியம்மா, இஸ்திரிக்காரர், ரசீது போடும் பெண், தன் கால்சட்டையை வாங்க வந்து நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு வாடிக்கையாளர், கேக் வெட்டப்போகும் செய்தி அறிந்து பக்கத்து மருந்துக்கடையிலிருந்து வந்தவர். குரல் மட்டும் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாக இருந்தது.

அவரை முக்காலியில் ஏற்றியது ஒரு சின்ன அட்டை. ஆண்டு நிறைவை ஒட்டி முதலாளியம்மா நூறு அட்டைகள் அச்சடித்துக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். போகாத கறையோடு திரும்பும் துணியில் மாட்டி அனுப்புவதற்காக. ‘இயன்றவரை முயன்றோம். கறை போகவில்லை. வருந்துகிறோம்’ என்று அழகான எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே நிரப்ப இரண்டு கோடுகள்: கறை இருக்கும் இடம், கறை எடுப்பவர் கையொப்பம். அதைப் படித்ததும் கறையண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சமையல்காரர் கையில் விஷமுறிவு மருந்துச் சீட்டைக் கொடுத்ததுபோல் அவருக்குப் பட்டது. முக்காலியில் ஏறினார், பிரகடனம் செய்தார், இறங்கினார். அவருடைய வேலை மேசையின் ஒரு கால் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் குட்டை. அந்த அட்டைக் கட்டை எடுத்து அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்தார். மேசை ஆடாமல் நின்றது. அன்று முதல் கடையின் மொத்த வருத்தமும் மேசைக்காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

அவர் வீண் பெருமை பேசுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கடையின் பின்னறையில், பதினான்கு எண்ணிட்ட புட்டிகளுக்கும் ஒரு நீராவிக் குழாய்க்கும் நடுவே, அவர் நிஜமாகவே ஒரு மன்னர். ரத்தம், மெழுகு, துரு, எண்ணெய், மது, மருந்து, குழந்தை கக்கியது, பெரியவர் கக்கியது, எல்லாவற்றையும் விரல் நுனியால் தடவியே குலம் கோத்திரம் சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே ஒரு விதி உண்டு. கறையை எடுத்த பின் துணியை முழுக்கக் காயவிட வேண்டும். காய்ந்த பின் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாக் கறையும் யோக்கியன் மாதிரி ஒளிந்துகொள்ளும், காய்ந்ததும் எட்டிப் பார்க்கும் என்பார். முப்பது வருஷத்தில் அவர் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் எந்தத் துணியும் அந்த அறையை விட்டுப் போனதில்லை.

துணி கொடுக்க வருகிறவர்கள் பொய் சொல்வார்கள். அது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மதுவைப் பழச்சாறு என்பார்கள், உதட்டுச் சாயத்தைப் பெயின்ட் என்பார்கள். முன்னால் ரசீது போடும் பெண் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வாள். பின்னறையில் கறையண்ணன் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார். இருபது வருஷம் மூடியே வைத்திருந்தார். பிறகு, பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்போது பத்தாம் வகுப்பு படித்த மகள் அவருடைய கைபேசியில் ஒரு சமூக வலைத்தளக் கணக்கைத் திறந்து கொடுத்தாள். அத்தனை வருஷம் மூடியிருந்த வாய் அன்று திறந்தது.

பக்கத்தின் பெயர் ‘இன்றைய கறை’. தினம் காலையில் ஒரு கறையின் படம், கீழே இரண்டு வரி நையாண்டி. யார் பெயரையும் போடமாட்டார். அது தொழில் தர்மம் என்று இஸ்திரிக்காரரிடம் அடிக்கடி சொல்வார். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் காலை எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் அவர் பக்கத்தைப் பார்த்தார்கள். வீட்டில் மனைவியும் மகளும் மட்டும் அதை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பின்னறை மன்னருக்கு முதல்முறையாகக் குடிமக்கள் கிடைத்தார்கள்.

அந்த ராஜ்ஜியத்தின் பொற்காலம் ஒரு சாம்பல் நிறக் கோட்டில் தொடங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன் வந்த கோட்டு அது. முன்பக்கம் நான்கு பொத்தான்கள், மூன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. கழுத்துப்பட்டையின் ஓரத்தில் வலப்பக்கமாக ஒரு கருநிறத் திட்டு. ரசீதில் ‘மை’ என்று எழுதியிருந்தது. கறையண்ணன் மோந்து பார்த்தார், சிரித்தார், படம் எடுத்தார். அன்று காலை அவர் எழுதியது இது: ‘வாடிக்கையாளர் இதைப் பேனா மை என்கிறார். இருக்கட்டும். காதுக்குப் பின்னால் எழுதும் பேனா எந்தக் கடையில் கிடைக்கும்? என் நரைக்கும் ஒன்று வாங்க வேண்டும்.’

அதற்கு முன் எதற்கும் அத்தனை பேர் சிரித்ததில்லை. படத்தை எடுத்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். அந்தத் தலைச்சாயத்தை அவர் ஏழாம் நம்பர் புட்டியால் சுவடே தெரியாமல் எடுத்து, கோட்டைப் புதுசாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் நகைச்சுவையை விட மனம் வரவில்லை. ‘பேனாக்காரர்’ அவர் பக்கத்தில் ஒரு நிரந்தரப் பாத்திரமானார். மழை பெய்தால் பேனாக்காரர் ஒழுகுவாரா என்று எழுதுவார். தேர்வுக் காலம் வந்தால் பேனாக்காரரை யாராவது கடன் கேளுங்கள் என்பார். இப்படி இருநூறு பதிவுக்கு மேல் ஓட்டினார்.

இப்போது அந்த மகள் ஒரு மருத்துவமனையில் கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை தயாரிக்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள முடிவு செய்திருக்கிறாள். கறையண்ணனுக்கும் அவர் மனைவிக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. சரியாக ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்து கல்யாணத் தேதியை உறுதி செய்வதாகப் பேச்சு.

அதைச் சொன்ன அன்று மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் ரொம்ப அமைதியானவர், அவரிடம் பார்த்துப் பேச வேண்டும் என்றாள். ஏன் என்று அம்மா கேட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர். யாரோ அவர் கோட்டில் இருந்த தலைச்சாயத்தைப் படம் எடுத்துப் போட்டுக் கேலி செய்துவிட்டார்கள். பொத்தானை வைத்து அலுவலகத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர் மேசையில் தினம் ஒரு பேனா கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். ஐந்து வருஷம் மிச்சம் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நிற்பதில்லையாம், சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்தில்கூட.

“பொத்தானா?” என்றார் கறையண்ணன்.

“மூணு பழுப்பு, ஒண்ணு கறுப்பாம்ப்பா. என்ன மனுஷங்களோ.” மகள் ஒரு சுளையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அது ஆரஞ்சா எலுமிச்சையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் கைபேசியில் ஒரு நட்புக் கோரிக்கை வந்திருந்தது. அனுப்பியவர் சம்பந்தியம்மா. சமூக வலைத்தளத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாராம், சொந்தமாகப் போகிறவர்களை எல்லாம் தேடித் தேடிச் சேர்க்கிறாராம். ஏற்றுக்கொண்டால் அந்த அம்மாள் பக்கத்தைப் புரட்டுவார், மாப்பிள்ளை வீடு மொத்தமும் புரட்டும். ஏற்காவிட்டால் அவமரியாதை. கறையண்ணன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். தொழில்முறையாகச் சுத்தம் செய்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

முதலில் அந்த ஒரு பதிவை மட்டும் எடுத்தார். அது சுலபமாகப் போனது. ஆனால் மறுநாளே அடுத்த பேனாக்காரர் தலை தூக்கினார், அதை எடுத்தால் இன்னொருவர். இருநூறையும் நாலாயிரம் பதிவுகளுக்கு நடுவே தேடிப் பிடிக்க வேண்டும். ஓரத்தைத் தேய்க்கத் தேய்க்கப் பரவுகிற கறை எது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்டதைத் தேய்க்கக் கூடாது, துணியையே முக்கிவிட வேண்டும். ஐந்தாம் நாள், மதிய உணவு நேரத்தில், கொதிகலனுக்குப் பின்னால் உட்கார்ந்து, கணக்கையே நிரந்தரமாக நீக்குவது என்ற பொத்தானை அழுத்தினார்.

அந்தத் தளம் லேசில் விடுவதாக இல்லை. போவதற்கு என்ன காரணம் என்று கேட்டு ஏழு காரணங்களைக் காட்டியது. ஏழிலும் சம்பந்தி இல்லை. ‘அதிக நேரம் செலவாகிறது’ என்பதைத் தொட்டார். தற்காலிகமாக ஓய்வெடுக்கலாமே என்று குழைந்தது. பிறகு, ‘நீங்கள் போனால் இவர்கள் ஏங்கிப்போவார்கள்’ என்று ஒரு முகத்தைக் காட்டியது. இஸ்திரிக்காரரின் முகம். அந்த இஸ்திரிக்காரர் எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து, எந்த ஏக்கமும் இல்லாமல், ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். கடைசியில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு பத்தி வந்தது. ரசீதின் பின்னால் ‘பொத்தான்களுக்குக் கடை பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சடிக்கும் கடையில் முப்பது வருஷம் உழைத்தவர் அதைப் படிக்காமலே அழுத்தினார். கணக்கு மறைந்தது.

மூன்று நாள் கழிந்தது. மூன்று நாளில் எந்தத் துணியும் காய்ந்துவிடும். எட்டாம் நாள் காலை, பின்னறை ஜன்னலில் வெளிச்சம் விழும் நேரம் பார்த்து, கறையண்ணன் தன் வாழ்நாள் விதிப்படி தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதாவது, கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனார்.

‘மீண்டும் வருக! உங்கள் கணக்கு உங்களுக்காகக் காத்திருந்தது’ என்றது திரை. அதற்குக் கீழே, ஏழு வருஷத்துக்கு முன் இதே நாளில் என்று தலைப்பிட்டு, மழையில் ஒழுகும் பேனாக்காரர்.

இஸ்திரிக்காரர்தான் அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படித்துச் சொன்னார். முப்பது நாள் கழித்துத்தான் நிஜமாக அழியும். நடுவில் ஒரு தடவை உள்ளே போனாலும் நீக்கம் ரத்து, திரும்ப முதலிலிருந்து.

“தூங்குற குழந்தை மாதிரிண்ணே. எட்டிப் பார்த்தீங்கன்னா எந்திரிச்சிடும்.”

“அப்ப போயிடுச்சானு எப்படிப் பார்க்கறது?”

“பார்க்காம இருக்கறதுதான் வழி.”

இந்தப் பதில் கறையண்ணனின் தொழிலுக்கே அவமானம். இருந்தாலும் சகித்துக்கொண்டு இரண்டாம் முறை நீக்கினார். இஸ்திரிக்காரர் தன் கைபேசியிலிருந்து தேடிக் காட்டினார். ‘இந்தப் பக்கம் இப்போது கிடைக்கவில்லை’ என்று வந்தது. பாருங்கள், போய்விட்டது என்றார். கறையண்ணன் நான்கு நாள் அமைதி காத்தார். அமைதி என்றால், வெள்ளைச் சட்டைக்கு ஆறாம் நம்பருக்குப் பதில் ஒன்பதாம் நம்பரை ஊற்றி, முதலாளியம்மாவிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பிய அமைதி. கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. ஈரத்தில் கறை கிடைக்காதுதான். பன்னிரண்டாம் நாள் விடிகாலையில், முழுசாகத் திறக்காமல் கதவிடுக்கில் மட்டும் பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, கடவுச்சொல்லை ரொம்ப மெதுவாகப் போட்டார். மெதுவாகப் போட்டால் தளத்துக்குத் தெரியாது என்று நினைத்திருக்கலாம்.

‘மீண்டும் வருக!’

அன்று காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் மின்வாரியத்தின் புகார் எண்ணில் தொலைபேசி எடுப்பவள். ஒரு நாளைக்கு இருநூறு பேர் கத்துவதைக் கேட்டு, ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியவள். குறுக்கே பேசாமல் கேட்டாள். பேனாக்காரர் யார் என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுஷன்கிட்ட நேர்ல சொல்லிடலாமேங்க.”

“சொல்லி? அவரு எழுந்து போயிட்டாருன்னா? பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? அழிஞ்சு போச்சுன்னா சொல்றதுக்கே ஒண்ணும் இருக்காதுல்ல.”

அவள் நாட்களைக் கணக்குப் போட்டாள். இன்று நீக்கினால் முப்பது நாள் முடிவது சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள்கூட உபரி கிடையாது. அவர் கைபேசியை வாங்கி, கடவுச்சொல்லைத் தானே புதிதாக மாற்றி, மூன்றாம் முறை நீக்கினாள். புதிய சொல்லைச் சொல்ல மறுத்துவிட்டாள். அவர் கெஞ்சியபோது, அலுவலகக் குரலில் பேசினாள்.

“உங்க புகார் பதிவாயிடுச்சு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டீங்கன்னா வரிசையில பின்னாடி போயிடுவீங்க.”

அந்த முப்பது நாளைப் பற்றி வரலாறு அதிகம் சொல்லாமலிருப்பது நல்லது. கறையண்ணன் கைபேசியை எடுப்பார், வைப்பார். மகள் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, மின்வாரியப் புகார் எண் என்று மனைவி வைத்திருக்கக்கூடிய கடவுச்சொற்களை வாய்க்குள் முணுமுணுப்பார், ஆனால் போட்டுப் பார்க்கும் தைரியம் வராது. சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் நிம்மதி கிடையாது. சம்பந்தியம்மாவின் கோரிக்கை என்னாயிற்று என்று மகள் கேட்டாள். கணக்கில் ஏதோ கோளாறு என்றார். அப்படியானால் கொடுங்கள், நான் உள்ளே போய்ச் சரி பண்ணித் தருகிறேன் என்று கை நீட்டினாள். பதினோரு வருஷத்துக்கு முன் திறந்துவிட்ட அதே கை. கைபேசியைக் கடையில் விட்டுவிட்டு வந்ததாகப் புளுகினார். புளுகைக் காப்பாற்ற அன்று முதல் தினமும் நிஜமாகவே கடையில் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அதனால் ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து மகள் அழைத்த அழைப்பை இஸ்திரிக்காரர் எடுத்து, ‘அண்ணன் காய்ந்துகொண்டிருக்கிறார்’ என்று சொல்லிவைத்தார். அதை விளக்க மேலும் இரண்டு பொய் தேவைப்பட்டது.

தினம் ஒரு கறைக்கு ஆயிரம் பேரிடம் உண்மை பேசிய மனிதர், ஒரு கறைக்காகத் தன் வீட்டில் தினம் ஒரு பொய் சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். ரசீது போடும் பெண்ணிடம் பழச்சாறு, பெயின்ட் என்று சொல்கிறவர்களை அவர் முன்போல் சிரித்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் ஒரு தாத்தா, கால்சட்டையை நீட்டி, தண்ணீர் கொட்டிவிட்டது என்றார். கறையண்ணன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீரேதான் என்று சத்தமாகச் சொன்னார்.

நாற்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மனைவி தன் கைபேசியில் அந்தக் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தாள். அவர் பின்னால் நின்று, ஜன்னல் வெளிச்சம் கைபேசியில் விழும்படி திரைச்சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டார். ‘இப்படி ஒரு கணக்கே இல்லை’ என்று வந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார். இன்னொரு தடவையும் இல்லை. பதினோரு வருஷம், நாலாயிரம் கறை, ஆயிரக்கணக்கான குடிமக்கள், எல்லாம் சுத்தம். கறையண்ணன் குளித்து, இருப்பதிலேயே வெளுப்பான சட்டையைப் போட்டுக்கொண்டார். முக்காலி கிடைத்திருந்தால் ஏறியிருப்பார்.

பதினொன்றரைக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். முதலில் மாப்பிள்ளை, பிறகு கலகலவென்று சம்பந்தியம்மா, கடைசியாகச் செருப்பை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, பஞ்சுபோல் வெளுத்த தலையோடு சம்பந்தி. அவர் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். மூன்று பழுப்பு, ஒரு கறுப்பு.

சம்பந்தியம்மா உட்கார்ந்ததும் முதல் புகாரைப் பதிவு செய்தார். “என்னண்ணா, நான் கோரிக்கை அனுப்பி ஒரு மாசமாச்சு. எங்களை எல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?” கணக்கையே மூடிவிட்டேன் என்றார் கறையண்ணன், அதில் வருவதெல்லாம் குப்பை என்றும் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டு சம்பந்தி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். பிறகு கோட்டின் கழுத்துப்பட்டையை விரலால் லேசாகத் தொட்டார்.

“இந்தக் கோட்டு உங்ககிட்ட வந்துருக்கு, தெரியுமா? அந்தக் கடையில கறை எடுக்கறவர் நீங்கதான்னு பொண்ணு சொன்னப்பதான் தெரிஞ்சுது. ஒன்பது வருஷம் ஆச்சு.”

கறையண்ணன் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

“பிரமாதமா எடுத்துருந்தீங்க, சம்பந்தி. இந்தா, சுவடே கிடையாது. நடுவுல கடைக்கு வந்த எவனோ கஸ்டமர் படம் புடிச்சுப் போட்டுட்டான். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க வேலையை நீங்க ஒழுங்கா செஞ்சீங்க.”

சம்பந்தியம்மா கணவரின் முழங்கையைத் தொட்டு, அது எதற்கு இப்போது என்றார். பரவாயில்லை, சொந்தமாகப் போகிறவர்கள்தானே என்று சம்பந்தி தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். போன வாரம்கூட யாரோ தெரியாமல் அவருக்கே அனுப்பியிருந்தார்களாம். படத்தில் கழுத்துப்பட்டை, கறுப்புப் பொத்தான், கீழே அந்த வாசகம். ‘இன்றைய கறை’ என்ற பெயர் இருந்த இடத்தை யாரோ எப்போதோ வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. பதினேழு இடத்தில் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார், அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். இனி முடியவும் முடியாது.

கறையண்ணனின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணியிலிருந்து, அந்த வாசகத்தை எழுதியவர் கறையண்ணன்தான் என்று காட்டக்கூடிய ஒரே ஆதாரம் இந்த உலகத்தில் இல்லை. அவர் எதற்காக நாற்பத்திரண்டு நாள் பாடுபட்டாரோ அது சுத்தமாக, சுவடில்லாமல் நடந்தேறியிருந்தது. அவர் பெயர் போய்விட்டது. கறை அப்படியே இருந்தது.

தேதி உறுதியானது. மூன்று வாரத்தில் கல்யாணம். கிளம்பும்போது சம்பந்தி வாசலில் தயங்கி நின்று, கறையண்ணனிடம் தனியாக ஒரு உதவி கேட்டார். எத்தனையோ வருஷமாகத் தான் எந்தப் படத்திலும் நிற்பதில்லை என்றும், மகன் கல்யாணத்தில் நின்றே ஆக வேண்டும் என்று மனைவி சொல்கிறாள் என்றும், நின்றால் இந்தக் கோட்டோடுதான் நிற்பது என்று பிடிவாதமாக இருப்பதாகவும் சொன்னார்.

“ஒரு தடவை உங்க கையால சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்க. உங்ககிட்ட குடுத்தா எனக்குத் தைரியம்.”

சரி என்று கறையண்ணன் சொன்னதாகத்தான் எல்லாருக்கும் ஞாபகம். அவருக்கு ஞாபகம் இல்லை.

கோட்டு மறுநாளே கடைக்கு வந்தது. ரசீதில் ‘கறை: இல்லை’ என்று எழுதியிருந்தது. அது உண்மைதான். தூசி மட்டும்தான். அவர் அதை மற்ற துணிகளோடு போடாமல் தனியாக எடுத்து வைத்தார். நான்கு நாள் கொக்கியில் தொங்கவிட்டார். ஐந்தாம் நாள் காலை தன் கையாலேயே சுத்தம் செய்தார். கழுத்துப்பட்டையை மட்டும் இரண்டு தடவை. முழுக்கக் காயவிட்டார். பத்தரை மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலப்பக்க ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூசிகூட இல்லை. புதுத் துணிக்கு அப்படி ஒரு வெளிச்சம் வராது.

இஸ்திரிக்காரர் கோட்டை வாங்கி மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தார். உறை மாட்டப்போன நேரத்தில், கறையண்ணன் குனிந்து, ஒரு கையால் மேசையைத் தூக்கிக்கொண்டு, குட்டைக் காலுக்கு அடியிலிருந்து அந்த அட்டைக் கட்டை உருவினார். நூல் இற்றுப்போயிருந்தது. மேலே இருந்தவை மேசைக்கால் பதிந்து வட்டமாகக் குழிந்திருந்தன. நடுவிலிருந்து குழி விழாத ஒன்றை உருவி எடுத்தார். காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்து, கறை இருக்கும் இடம் என்ற கோட்டில், ‘காதுக்குப் பின்னால்’ என்று எழுதினார். அடுத்த கோட்டில் கையெழுத்துப் போட்டார்.

இஸ்திரிக்காரர் அட்டையைப் படித்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் படித்தார். அவருக்கு எல்லாம் தெரியும். பேனாக்காரர் பதிவுக்கு முதலில் சிரித்தவரே அவர்தான்.

“அண்ணே, கல்யாணம் முடிஞ்சப்புறம் குடுக்கலாமே.”

“அவரு இதப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கணும். தெரிஞ்சு நிக்கட்டும், தெரிஞ்சு நிக்காம போகட்டும்.”

“நின்னா சரி. நிக்கலேன்னா?”

கறையண்ணன் அட்டையைக் கழுத்துப்பட்டையின் வலப்பக்கம், சாயம் இருந்த அதே இடத்தில், ஊசியால் மாட்டினார். உறையைத் தானே இழுத்துப் போட்டு, முன்னறைக் கம்பியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். ரசீது போடும் பெண், சம்பந்தி வீட்டுக் கோட்டாயிற்றே என்று உறை வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, கறை எதுவும் தெரியவில்லையே என்றாள்.

“ஆமாம்மா. தெரியாது,” என்றார்.

பிறகு பின்னறைக்குப் போய் அடுத்த சட்டையை மேசையில் விரித்தார். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. முட்டுக்கொடுக்க எதையும் தேடாமல், இடது முழங்காலால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஏழாம் நம்பர் புட்டியைத் திறந்தார்.